அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த நற்சான்று

விவசாய டிப்ளோமா மாணவர்களுக்குப் பூச்சியியல் படிப்பித்தவன் நான். செயன்முறைப் பரீட்சையன்று இருபது போத்தல்களை மேசையில் வரிசையாக வைப்பேன். உள்ளே மதுசாரத்தில் ஊறிய பூச்சிகள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே பூச்சியின் பெயரை எழுத வேண்டும். வருடா வருடம் அதே போத்தல்கள், அதே இலக்கங்கள். மூத்த மாணவர்கள் பட்டியலை இளையவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது எனக்குத் தெரியும். வரிசையை மாற்ற அரை மணித்தியாலம் போதும், மாற்றவில்லை. எல்லோரும் நல்ல புள்ளி எடுத்தார்கள், வேலையும் கெதியில் கிடைத்தது. அதை ஏன் கெடுப்பான் என்று நினைத்தேன். சோம்பலும் இருந்தது.

இப்போது ஓய்வு பெற்று லிங்கநகரில் இருக்கிறேன். இந்தப் பெரும்போக நெற்செய்கைக் காலத்தில் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கந்தளாயில் ஒரு விதைநெல் நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கதிரையின் நுனியில் இருந்தபடி சொன்னாள்:

"சேர், ஒரு முஸ்லிம் நானாட வயல் மஞ்சளடிச்சிருந்தது. இலையைப் பாத்திட்டு, யூரியா காணாது எண்டு சொல்லிப்போட்டன். அவரும் யூரியா வாங்கி எறிஞ்சார். பத்து நாளில நெருப்பு வைச்ச மாதிரிக் கருகிப்போச்சு."

"அடியைப் பிரிச்சுப் பாக்கேல்லையா பிள்ளை? அறக்கொட்டிப் பூச்சி அடித்தண்டில இருந்துதானே சாறு உறிஞ்சும். யூரியா போட்டால் இன்னும் பெருகுமே!"

"நானாவும் அதைத்தான் கேட்டவர். 'என்ட மாட்டுக்கே அறக்கொட்டி தெரியும் புள்ள, நீங்க டிப்ளோமாவாமே' எண்டு சிரிச்சார். பிறகு சிரிக்கேல்லை. பதினோராம் போத்தலில அது வெள்ளையா இருந்தது சேர். உயிரோட மண்ணிறம் எண்டு எனக்குத் தெரியாது."

அவள் கேட்டு வந்தது ஒரு கடிதம். "உயிர்ப் பூச்சி காட்டிப் படிப்பிக்கேல்லை எண்டு எழுதித் தாங்கோ. பழகாத பிள்ளை எண்டால் ஒரு போகம் பழக்கி வைச்சிருக்கலாமாம். முகாமையாளர்தான் சொன்னவர்."

"ஓம் பிள்ளை, எழுதுறன்" என்றேன்.

ஆனால் எழுதியது வேறு. பூச்சிகளை அடையாளம் காண்பதில் வகுப்பிலேயே முதலாவது, நிறைந்த வயல் அனுபவம் உள்ளவள் என்று எழுதினேன். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தேனா, என் பெயரைக் காப்பாற்றினேனா? இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் வாசிக்க முடியாதபடி உறையை ஒட்டிக் கொடுத்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

இவ்வளவு தெரிந்தவள் வயலைக் கருகவிட்டது கவனயீனம்தான் என்று முடிவெடுத்து, அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தொலைபேசியில் கேட்டாள்: "கடிதத்தில என்ன எழுதினீங்கள் சேர்?"

சொன்னேன்.

"நான் புகழச் சொல்லிக் கேக்கேல்லையே சேர்" என்றாள்.

மறுநாள் உண்மையை முழுவதும் எழுதிக்கொண்டு, அவளுக்கும் சொல்லிவிட்டு, கந்தளாய்க்கு பஸ் ஏறினேன். முகாமையாளர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயா, உங்களிட்டப் படிச்ச இன்னும் ரெண்டு பேர் இஞ்ச வேலை செய்யினம். அவையளையும் நிப்பாட்டவோ?"

"இல்லை, பழக்குங்கோ."

"மூண்டு பேரையும் பழக்க எங்களுக்கு ஏலாது. இதைப் பைலில போட்டால் மேலிடம் மூண்டு பேரின்ட வேலையையும்தான் கேள்வி கேக்கும். போடவோ, விடவோ? நீங்களே சொல்லுங்கோ."

அந்த இரண்டு பேரின் முகங்களை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெளிவாக வரவில்லை. அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. எது நியாயம் என்று விளங்காமலேயே கையை நீட்டிக் கடிதத்தைத் திருப்பி வாங்கினேன்.

பஸ்ஸில் இருக்கும்போது அவள் அழைத்தாள். "என்ன சொன்னவர் சேர்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர்" என்றேன்.

அதை நம்பி அவள் வேறு எந்த வேலைக்கும் விண்ணப்பிக்காமல் இருக்கிறாள்.