டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள்

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் தொடுகிற பிள்ளைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆனால் சர்க்கரை டெஸ்ட் என்று வந்துவிட்டால் அவர் செய்ததும் அதேதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீரனூரில் எங்கள் தெருமுனை லேபில் ரத்தம் கொடுப்பார். அதற்கு இரண்டு நாள் முன்னால் வீடே விரதத்துக்கு மாறிவிடும். கேப்பைக் களி, பாகற்காய், சர்க்கரை போடாத டீ. விடியுமுன் எழுந்து நடப்பார். மறந்து கிடந்த மாத்திரை டப்பாவும் அலமாரியை விட்டு வெளியே வரும். ரிசல்ட் நன்றாகத்தான் இருக்கும், இல்லாமல் எங்கே போகும்? அதைப் போனில் படமெடுத்துப் பள்ளிக்கூட நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்களும் அவரவர் ரிசல்ட்டை அனுப்புவார்கள். எல்லாரும் சர்க்கரைக்காரர்கள், எல்லாரும் பாஸ். அன்றைக்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பேக்கரியில் நின்று ஜாங்கிரி வாங்கிவருவார்.

சொன்னால் கேட்கிற ஆளா? "ரிப்போர்ட்டே நல்லாருக்குன்னு சொல்லுது, ஒனக்கு என்ன?" என்பார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரையால்தான் பார்வை போனது. தட்டில் சோறு எது, கூட்டு எது என்று கடைசிக் காலத்தில் என் மாமியார்தான் அவர் விரலைப் பிடித்துக் காட்டுவார். அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகாது. இவர் கண்ணை விட்டும் போயிருக்காது. அதனால்தான் நல்ல நம்பர் அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வருஷம் புதிதாக வந்த டாக்டரம்மா வேறொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல இரண்டு நாள் பத்தியம் இருந்து, தைரியமாகத்தான் போய் ரத்தம் கொடுத்தார் இவர். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "சார், இது நேத்து சாப்பிட்டதச் சொல்ற டெஸ்ட் இல்ல. மூணு மாசமா எப்படி இருந்தீங்கன்னு சொல்லும்," என்றார். இவர் முகம் சுண்டிப்போனது. லேபில் ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று முனகினார். டாக்டரம்மா வாக்குவாதம் செய்யவில்லை. திருச்சிக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

திருச்சியில் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதாம். லேசர் வைத்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார் கண் டாக்டர். பிறகு, "எப்பருந்து மங்கலா இருக்கு?" என்று கேட்டார்.

மங்கலெல்லாம் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் இவர், "தை மாசத்துலருந்து," என்றார்.

அப்போது ஆவணி பிறந்திருந்தது. எங்கள் சொந்த ஊரான ஆவூரில், மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் படிப்பவர் இவர்தான். கொஞ்ச நாளாகவே சனிக்கிழமை சாயங்காலம் மறுநாள் வாசகத்தை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். முடித்ததும் இன்னொரு தடவை படி என்பார். பக்தி கூடிவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மனப்பாடம் செய்துகொண்டு போய், புத்தகத்தைத் திறந்து வைத்து, அத்தனை பேர் முன்னால் ஒப்பித்திருக்கிறார் மனுஷன். அந்தக் கண்ணோடு என்னைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் வேறு ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கேன்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

லேசருக்கு அடுத்த வாரம் வரச்சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றோம். வெயில் கூசாமலிருக்கக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தார். "கீரனூர் வண்டி வந்தாச் சொல்லு," என்றார். வண்டி எங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது, கொட்டை எழுத்தில் போர்டு மாட்டிக்கொண்டு. எனக்குப் பயமாக இருந்தது.

"மருந்து விட்டிருக்காங்கல்ல, அதாங்க தெரியல. சாயந்தரம் சரியாயிரும்," என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து விடாதப்பவும் எனக்கு இவ்வளவுதான் தெரியும்," என்றார்.