வெறும் வயிற்றுக் கோடு

அம்மாவின் வயிற்றில் துளை போட்டு, சிறுகுடலுக்கு நேராக ஒரு குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி வாய் வழியாக எதுவும் வேண்டாமாம், குழாயிலேயே கஞ்சியை ஏற்றிக்கொள்ளலாமாம். சமையலறைக் குழாயை மாற்றச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்குச் சில மாதங்களாகவே சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. இரண்டு வாய் உள்ளே போனால் குமட்டல், பிறகு வாந்தி. ஆள் பாதியாகிவிட்டாள். சர்க்கரைக்காரி என்பதால் இரைப்பை செயலிழந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் அந்தச் சோதனையை எடுத்தார்கள்.

இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கிற மாதிரிதான் இதுவும். இரைப்பைக்கும் மெல்லிய மின்னோட்டம் உண்டு. நிமிடத்துக்கு மூன்று அலை, அவ்வளவு நிதானம். வயிற்றின் மேல் ஒயர்களை ஒட்டி, முதலில் வெறும் வயிற்றில் பதிவு செய்வார்கள். பிறகு சாப்பிடக் கொடுத்து மறுபடியும் பதிவு செய்வார்கள். சாப்பிட்டதும் அலை உயர வேண்டும். உயர்ந்ததா இல்லையா என்று கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடும். அம்மாவுக்கு உயரவில்லை என்று சிவப்பு எழுத்தில் சொல்லியிருந்தது.

நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட அலைகளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பிரித்துப் பார்ப்பதுதான் நான் நடத்துகிற பாடம். சோதனை நாளன்று எனக்குச் செய்முறைத் தேர்வு இருந்ததால் அப்பாதான் அம்மாவைக் காரில் அழைத்துப்போனார். குழாய் என்றதும் நான் மருத்துவமனையில் அந்தச் சோதனையின் மூலப் பதிவைக் கேட்டேன்.

“அதான் ரிப்போர்ட் குடுத்துட்டமே மேடம், அது எதுக்கு?” என்றார்கள். என் அம்மாவின் வயிறு, அதைப் பார்க்க எனக்கு என்ன தகுதி என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு. கத்திய பிறகுதான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் திறந்தேன். மூச்சின் ஆட்டம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டுப் பார்த்தால் அலை நன்றாகவே ஓடியது. விஷயம் வேறு இடத்தில் இருந்தது. வெறும் வயிறு என்று எழுதியிருந்த முதல் பகுதியிலேயே கோடு அவ்வளவு உயரம். சாப்பிட்டவளின் வயிறு அது. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட அலை, அதற்கு மேல் எங்கே உயரும்? கம்ப்யூட்டர் பின்னதை முன்னதால் வகுத்தது, வந்த எண்ணை எழுதியது. அதற்கு அவ்வளவுதான் தெரியும். படம் போட்டு முன்னால் வைத்திருந்தும் பார்க்காத மனுஷர்களை என்ன சொல்ல?

“என்னம்மா சாப்ட்டுட்டுப் போனே?”

“ஒண்ணும் சாப்பிடலைடி. பச்சத் தண்ணிகூடப் பல்லுல படலை.”

“அப்பா?”

“ஒண்ணும் இல்லம்மா. பெருமாள் பிரசாதம் மட்டுந்தான்” என்றார் அப்பா. கோயில் கைங்கரியம் முடித்து வரும்போது கையோடு கொண்டுவந்தாராம். வழியில் சுங்குவார்சத்திரம் தாண்டியதும் காரிலேயே பிரித்துக் கொடுத்தாராம்.

“என்ன பிரசாதம்?”

“இட்லி.”

எங்கள் கோயில் இட்லியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிளகும் சுக்கும் நெய்யும் போட்டு, ஒரு துண்டே ஒரு வேளைக்குக் காணும். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறாள். அதுவும் அன்றைக்கென்று வாந்தி வரவில்லையாம், பெருமாள் கிருபையாம்.

“இட்லி சாப்பாடு இல்லையா?” என்று கத்தினேன்.

“பிரசாதத்தைப் போய்ச் சாப்பாடுன்னு சொல்லுவாளா யாராவது?” என்றாள் அம்மா. அவள் குரலில் துளிக் கள்ளம் இல்லை. சோதனை எடுத்த டெக்னீஷியன், “எதுனா சாப்ட்டு வந்துக்கீங்களாம்மா?” என்று கேட்டிருக்கிறான். அம்மா இல்லை என்றிருக்கிறாள். அவள் மனசறிந்து அது நிஜம். எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இட்லி விஷயத்தைச் சொல்லியும் மறுசோதனைக்கு டாக்டர் லேசில் ஒப்பவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டதாம். முடியாது என்று அவர் அறையிலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் சரி என்றார். இந்தத் தடவை நானே லீவு போட்டுக் கூடப் போனேன். கிளம்பும்போது அப்பாவின் பையை வாங்கித் துழாவினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அதற்கெல்லாம் வருத்தப்பட எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

வெறும் வயிற்றுப் பதிவு முடிந்து, அவர்கள் கொடுத்த ரொட்டியை அம்மா சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் திரையில் அலை எழும்பியது. நான் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாவின் வயிறு ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

டாக்டர் புது ரிப்போர்ட்டைப் புரட்டினார். “டியூப் வேணாம்” என்றார். அப்புறம்தான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார். சர்க்கரைக்கு என்ன மாத்திரை, எப்போது மாற்றினீர்கள் என்று. வாந்தி ஆரம்பித்ததற்குச் சற்று முன்னால்தான் வேறொரு டாக்டர் மாற்றிக் கொடுத்திருந்தார். அதை நிறுத்திப் பார்க்கலாம் என்று எழுதினார். நிறுத்தியதும் வாந்தி நின்றது, அது பிறகு நடந்தது.

அன்றைக்கு நான் சும்மா எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“நான் கேக்காம விட்டிருந்தா எங்கம்மா வயித்துல ஓட்டை போட்டிருப்பீங்க இல்ல?”

அவர் பேனாவை மூடினார். “பேஷண்ட்டே பொய் சொன்னா மெஷின் என்ன மேடம் பண்ணும்?”

பொய். ஆயுசில் பொய் பேசியறியாதவளை, முகத்துக்கு நேராக. நான் எழுந்து நின்று என்னென்னவோ பேசினேன். பிரசாதம் சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தெரியுமா உங்களுக்கு, கோட்டைப் பார்க்கத் தெரியுமா, காஞ்சிபுரத்திலிருந்து வருகிற ஒருத்தியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்றாவது தெரியுமா என்று கேட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். “சும்மா இருடி.” பிறகு எலும்பும் தோலுமாக இருந்த இரண்டு கையையும் கூப்பினாள். “தப்பு எம்மேலதான் டாக்டர். மன்னிச்சுக்கோங்கோ.”

“பரவால்லம்மா” என்றார் அவர். “இனிமே கரெக்டா சொல்லுங்க.”

வெட்டுப்பட இருந்தவள் மன்னிப்புக் கேட்டாள். வெட்ட இருந்தவர் மன்னித்தும்விட்டார்.