வாங்கிலிருந்து ராசா போடும் சத்தம்

இன்று ஆடி 14, மாலை ஐந்தே கால். கூடைப்பந்துப் பயிற்சிக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.

நாளைய போட்டிக்கு நான்தான் தலைவன். பள்ளித் தவணை முழுக்கக் களத்தோர நீள வாங்கில் குந்தியிருந்த ராசாவை, நியாயம் பார்த்து, இன்று களத்தில் இறக்கினேன்.

கூடை போடச் சிவம், அவனுக்குப் பந்து கொடுக்க நாதன். மற்ற இடங்களில் யார் நின்றால் என்ன என்பது என் கணக்கு.

கணக்குப் பிழைத்தது. சிவம் ஒரு கூடைகூடப் போடவில்லை.

"என்னடா உனக்கு?" என்றேன்.

"பின்னாலை ஆள் வாறான் எண்டு ஒருத்தரும் கத்தேல்லையே!"

கத்துகிறவன் ராசா. வாங்கில் இருந்தால் முழுக் களமும் அவனுக்குத் தெரியும். ஓடினால் மூச்சே வராது, பிறகெங்கே சத்தம்?

"என்னை வாங்கிலையே விடு மச்சான்," என்றான் ராசா. "கடைசியிலை ஒரு அஞ்சு நிமிசம் மட்டும் தா. இணுவிலிலையிருந்து அம்மா பாக்க வாறா."

இனி நான் செய்யப்போவது:

1. நாளை ராசா வாங்கில்.
2. கடைசி ஐந்து நிமிடம் ராசா களத்தில். வெல்கிறோமா தோற்கிறோமா என்று பார்க்கமாட்டேன்.
3. அவனுக்காக வெளியே வருவது நான். அப்போது வாங்கிலிருந்து கத்துவதும் நான்தான். என் தொண்டை போதாது. கூடக் கத்த விரும்புபவர்கள் விடுதி அறிவித்தல் பலகையில் நான் ஒட்டும் இதன் கீழே பெயரை எழுதுங்கள். நாலு பேராவது வேண்டும்.