அயினிப் பலகையில் ஒரு சைக்கிள்

இடுப்பு டிஸ்க் விலகியதும் டாக்டர் சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் தபால்காரி. பாசனச் சானல் கரையோரம் மூன்று ஊர்கள் என் பொறுப்பு. நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஸ்கூட்டரில் போனால் ஒவ்வொரு குழியும் முதுகில் குத்தும். அப்படியே இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஒருநாள் கைபேசியில், நாற்காலியில் சாய்ந்து காலை முன்னால் நீட்டிச் சைக்கிள் மிதிக்கும் ஒருவரைப் பார்த்தேன். டாக்டரிடம் காட்டினேன். "முதுகு சாய்ஞ்சிருக்கில்லா, ஓட்டிப் பாருங்க" என்றார்.

என் கணவர் கதவு, ஜன்னல் செய்பவர். அவரிடமும் காட்டினேன்.

"இது சைக்கிளாட்டி, கட்டிலா?"

"பலகை மட்டும் தாருங்க. நானே செய்யுதேன்."

கோட்டாறு கடைத்தெருவில் பழைய இரும்புக் கடை ஒன்றில் துருப்பிடித்த இரண்டு சைக்கிள்களையும் ஒரு சின்னச் சக்கரத்தையும் தனியாக ஒரு செயினையும் தேடி எடுத்தேன். கணவரின் பட்டறையில் மீந்துகிடந்த அயினி மரப் பலகையில் சைக்கிளின் உடலைச் செய்தேன். மூன்று செயின்களைக் கோத்து ஒன்றாக்கினேன். அது இருக்கைக்கடியில் தொய்ந்து உரசியது. பழைய இரும்புக் கேட்டின் உருளையை நடுவில் மாட்டியதும் அடங்கியது.

முற்றத்தில் ஏறி உட்கார்ந்து ஓர் அழுத்து அழுத்தினேன். பெடல் பக்கம் பலகை படீரென்று பிளந்தது. நான் மண்ணில் கிடந்தேன். கணவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். பிளவைத்தான் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மரத்தோட ஒரே நாருல வரிசையா துளை போட்டிருக்க. பொளக்காம என்ன செய்யும்?"

அன்று அழுதேன். மறுநாள் இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒட்டி, துளைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு முறுக்கினேன். அதற்குப்பின் பலகை பிளக்கவில்லை.

ஓட்டப் பழக இரண்டு வாரம் பிடித்தது. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரை விழுந்தேன். தூரத்துத் தென்னையைப் பார்த்து மிதித்த அன்று, ஊர் மைதானத்தை நிற்காமல் ஏழு சுற்று சுற்றினேன்.

திங்கட்கிழமை தபால் பையைப் பின்னால் கட்டினேன். கணவர் பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

சானலில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏட்டி, படுத்துட்டே தபால் கொண்டு வாறா பாரு!"

"கொள்ளாமே மக்கா, நல்லா இருக்கே!"

வழியிலுள்ள கோயில் மேட்டில்தான் எனக்குப் பயம். முதுகை இருக்கையில் ஊன்றி, சுவரைத் தள்ளுவதுபோல் இரண்டு கால்களாலும் மாறி மாறித் தள்ளினேன். மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. உச்சியில் இறங்கி இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை. யார் பார்த்தால் என்ன என்று சத்தமாகச் சிரித்தேன்.

மதியத்துக்குள் பை காலி. மாமரத்து நிழலில் சைக்கிளை நிறுத்தி, அதிலேயே சாய்ந்துகிடந்தபோது கணவர் போனில் கூப்பிட்டார்.

"எங்கட்டி நிக்க?"

"நிக்கல்ல. வேலையெல்லாம் முடிச்சிட்டு, காலு நீட்டிப் படுத்திருக்கேன்."