நாற்காலிமேல் ஏறிக் கத்துகிற மாமா

என் மாமாவுக்குப் பிணவறையில் உடல்களைக் கழுவித் தைக்கும் வேலை. ரத்தம் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மனுஷன், போலீஸ் படமென்றால் மட்டும் குழந்தையாகிவிடுவார். தங்கையைக் கொன்றவனின் நெஞ்சில் ஹீரோ சுடும்போது, "விடாதே, இன்னும் போடு!" என்று நாற்காலிமேல் ஏறிக் கத்துவார். கொன்றவன் யாரென்று படமே முதலில் காட்டிவிடுகிறதே, பிறகென்ன கவலை!

நேற்று போலீஸ் சுட்ட ஒருவனைக் கொண்டுவந்து போட்டார்கள்.

"கத்தியோட பாய்ஞ்சான், சுட்டுட்டோம்" என்றார் கூட வந்த ஏட்டு.

மாமா கழுவுவதற்காக உடலைப் புரட்டினார். முதுகு சல்லடையாகியிருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இறுக்கிய தடம்.

மாமா குழாயை மூடினார். "இவன் என்ன சார் பண்ணான்?"

ஏட்டு கொட்டாவி விட்டார். "அதை இனிமேதான்யா விசாரிக்கணும்."