ஊட்டியில் யாருக்கும் தெரியாது

அக்காவின் கைப்பேசித் திரையில் ‘ஊட்டியில் யாருக்கும் தெரியாது’ என்று எழுத்துகள் வந்து விழுந்ததைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். சேலத்தில் ஆராய்ச்சி மாணவிகள் விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு முன்பே ஆய்வில் சேர்ந்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா. இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்யும் பெண்களின் உடல்நலம்தான் அவருடைய ஆய்வு. அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வந்து, பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போடுவார். அந்தச் செயலிக்குப் புரிந்ததெல்லாம் செய்தி வாசிப்பவரின் தமிழ்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டில் என்பதை ‘ஊட்டுல’ என்று சொன்னால், அது வீட்டை விட்டு மலையேறிவிடும்.

அக்கா சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே ஒரு அம்மாவின் குரல். “மார்ல கட்டி ஒண்ணு இருக்குது சாமி. ஊட்டுல யாருக்கும் தெரியாது. தை பொறந்து புள்ளை கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஆசுபத்திரிக்குப் போய்க்கலாம். நீ யாருகிட்டயும் சொல்லிப்போடாதே.”

அக்கா அவரைத் திரும்பவும் போய்ப் பார்த்தார். நானே கூட வாரேன், ஒரு நாள்தான் ஆகும் என்று கெஞ்சினார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பேச்சு போய்விடும் என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். மகளிடம் சொல்லிவிடலாமா என்று அக்கா தன் ஆய்வு நெறியாளரிடம் கேட்டபோது, “யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தானே பேட்டி எடுத்தாய்?” என்றார் அவர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆய்வின் விதி அதுதான். அக்கா அறைக்கு வந்து மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். செயலி பிழையாக எழுதியதையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் திருத்த வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லாதே என்ற அந்த வேண்டுகோளையும் அப்படித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

தையில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. ஆடிக்குள் அந்த அம்மா போய்விட்டார்.

சில வாரம் கழித்து மகள் விடுதிக்குத் தேடிக்கொண்டு வந்தாள். “எங்கம்மா பேசுனது உங்க போன்ல இருக்குதாமுங்க. பக்கத்தூட்டுல சொன்னாங்க. ஒருக்கா கேக்கோணுமுங்க” என்றாள். அவளைக் கீழ்த்தளத்தில் உட்காரவைத்துவிட்டு அக்கா அறைக்கு ஓடிவந்தார். ஒலியை வெட்டும் செயலியைத் திறந்து, அந்த நீளமான பேட்டியிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தவறாக வெட்டினார். பிறகு கீழே போய் மகளுக்குப் போட்டுக் காட்டினார்.

“சாப்புட்டியா சாமி? வெயில்ல வந்திருக்கறே, ஒரு வாய் சோறு தின்னுபோட்டு அப்புறம் கேளு” என்றது அந்தத் துண்டு. மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து, “அம்மாவுக்குக் கட்டி இருந்தது உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?” என்று கேட்டாள்.

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். “தெரியும் கண்ணு” என்றார்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க.”

அதில் கோபம்கூட இல்லை. இந்தக் குரலை உனக்கு அனுப்பி வைக்கட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். செருப்பை மாட்டும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

அந்தப் பேட்டியை நீக்கிவிட்டு அக்கா ஆய்வேட்டை முடித்தார். பட்டமும் வந்தது. அதற்குப் பின் அவர் எந்த ஊருக்கும் பேட்டி எடுக்கப் போகவில்லை. இப்போது திருச்செங்கோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கிறார்.

நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்தச் செயலிகளையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். மேற்கோள்களை அடுக்க ஒன்று, பக்கங்களைப் படமெடுக்க ஒன்று, பேச்சை எழுத்தாக்க ஒன்று. போன மாதம் ஒரு மாணவி புதுச் செயலியில் மோகனூர் விவசாயி ஒருவரின் பேட்டியைப் போட்டுக் காட்டினாள். எங்கள் வட்டாரப் பேச்சு பிசகாமல் வந்திருந்தது. முழுப் பேட்டியையும் கேட்டாயா என்றேன். “அதான் டைப் ஆகி வந்துருச்சேங்க மேடம்” என்றாள்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

“அப்போ யாரும் உக்காந்து திரும்பத் திரும்பக் கேக்க வேண்டியதில்லையா?”

“வேண்டியதில்லைக்கா.”

“நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.