கற்பூரம் அணைக்காத கண்ணையன்

வில்லியனூர் ஸ்டேஷனுக்கு எதிரே என் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்ட வருபவர்களைவிட வாய் வளர்க்க வருபவர்கள்தான் அதிகம். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்திலும் அவர்கள் வாதம் ஒன்றுதான்: கால்பந்தை வெட்டி வெட்டிக் கொண்டுபோவதில் உலகத்திலேயே பெரியவன் யார்? சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய மரியதாஸ், அங்கே ஒருவன் பத்துப் பேரைத் தாண்டியதைக் கண்ணால் கண்டதாகச் சொல்வான். வெறுங்காலில் ஆடும் கல்கத்தாக்காரர்கள்தான் என்பான் வீரப்பன், கல்கத்தா எந்தத் திசை என்று தெரியாமலே. கடைசியில் பேச்சு எங்கள் ஊர் வண்டிக்காரக் கண்ணையனிடம் வந்து நிற்கும்.

"அவன் கால்ல பந்து ஒட்டிக்கும்பா," என்பான் மரியதாஸ்.

"ஒட்டிக்கும். மாமியா வூட்டுக்காரன் வந்தா மட்டும் வுட்டுடும்," என்பேன் நான். எல்லோரும் சிரிப்பார்கள். பன்னிரண்டு வருடமாக நான் சொல்லிவரும் வார்த்தை அது.

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. பால்காரி தண்ணீர் கலக்காமல் ஊற்றினால், ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிறவன் நான்.

முப்பத்துமூன்றில், பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு பண்டிகைக்கு எங்களுக்கும் பாகூருக்கும் ஆட்டம். வற்றிக் கிடந்த பாகூர் ஏரிதான் மைதானம். ஜெயிப்பவர்களுக்கு நகரத் தலைவர் மேர் கையால் கோப்பை. சந்தைக் கூட்டத்தில் ஒருவரையும் இடிக்காமல் வண்டி ஓட்டுவதுபோலவே கண்ணையன் ஐந்து பேரைத் தாண்டினான். மிச்சம் நின்றவன் பாகூர்ச் சுப்புராயன், கண்ணையனின் மனைவி அமிர்தத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன். கண்ணையன் இடது பக்கம் வெட்டினான். சுப்புராயன் அதற்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தான். பந்தைச் சும்மா எடுத்துக்கொண்டு ஓங்கி உதைத்தான். அது எங்கள் பக்கம் வந்தது, எவனோ தட்டினான், கோல்கீப்பரின் காலிடுக்கில் நுழைந்து போனது. அந்தக் கோல்கீப்பர் நான்தான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசவிடவில்லை.

அடுத்த வாரமே பாகூரிலிருந்து கண்ணையன் வீட்டுக்குக் கன்றும் பசுவும் வந்தன. அமிர்தம் முழுகாமல் இருக்கிறாள், தாய்வீட்டுச் சீர் என்றார்கள். ஆறு மாதமாக முழுகாமல் இருப்பவளுக்கு ஆட்டம் முடிந்த மறுவாரம் ஏன் மாடு வரவேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. கண்ணையனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கக் கற்பூரம் கொளுத்தினோம்.

"நானோ என் வூட்டாரோ துரோகம் பண்ணலன்னு சொல்லி அணைச்சுடுடா. அதோட போவட்டும்," என்றேன்.

கண்ணையன் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கற்பூரம் தானே எரிந்து அடங்கியது. அதன்பிறகு அவனை எந்த ஆட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

போன வாரம் மத்தியான வெயிலில், கடையில் ஆளில்லாத நேரம், செயின் அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுப்புராயன் வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் கடை வாதத்தை அவனிடமும் போட்டேன்.

"எங்க மாப்ளதான். அவரு மாதிரி இன்னொருத்தன் பொறக்கல," என்றான்.

"அதான் ஒனக்கு வுட்டுக்குடுத்தாரே."

"யாரு வுட்டுக்குடுத்தா? நான் புடிச்சேன்யா. ஆட்டத்துக்கு முன்னாடி தங்கச்சி எங்க வூட்டுக்கு வந்திருந்தா. வண்டிய எந்தப் பக்கம் திருப்பப் போறாரோ அந்தக் கன்னத்துல நாக்கத் துருத்துவாருன்னு சொல்லிச் சிரிச்சா. மத்தவன்லாம் அவரு காலப் பாத்தான். நான் மூஞ்சியப் பாத்தேன்."

அவன் போனதும் கடையைச் சாத்திவிட்டு நேரே கண்ணையன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தி, கேட்டதை மெதுவாகச் சொன்னேன். அவன் கை நிற்கவில்லை.

"அன்னிக்கே தெரியும் மணவாளா. சுப்புராயன் எம் மூஞ்சியப் பாத்தான். இது தெரிஞ்சவ ஒருத்திதான்."

"அமிர்தத்தக் கேட்டியா?"

"கேக்கல. அண்ணங்கிட்ட வெளையாட்டாப் பேசினது, அவளுக்கு ஞாபகங்கூட இருக்காது. வயித்துல புள்ளையோட இருந்தா. நீ 'என் வூட்டாரோ'ன்னு சேத்துட்ட. அத்த நான் எப்பிடி அணைக்கறது?"

மைச் சட்டியை அவன் கைக்கு எட்ட நகர்த்தி வைத்தேன்.

"கடையில எப்பவும் சொல்றதயே சொல்லிக்கினு இரு. நீ நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. அவ காதுக்குப் போவும்," என்றான்.

அப்போது அமிர்தம் மோர்ச் செம்போடு வந்தாள். என்னைக் கண்டதும் முகம் சுண்டியது. செம்பைப் புருஷனிடம் மட்டும் நீட்டினாள்.

"எம் புருசன் பேரக் கெடுத்த வாயி, எங்க வூட்டு மோரு குடிக்குமா? பன்னண்டு வருசமா ஏசறியே, ஒனக்கு இன்னாதான்யா கெடைச்சுது?"

எனக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். காலிடுக்கில் போன பந்தை ஊர் மறந்தது. வெட்கத்தில் தலை குனிந்து எழுந்து வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கடையில் மறுபடி அதே வாதம். "அவன் கால்ல பந்து ஒட்டிக்கும்பா," என்றான் மரியதாஸ். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"மாமியா வூட்டுக்காரன் வந்தா வுட்டுடும்," என்றேன்.

சிரித்தார்கள். கண்ணையனின் வண்டி அப்போதுதான் கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். இடக் கன்னம் மெல்லப் புடைத்தது. வண்டி இடது பக்கம் திரும்பியது. பன்னிரண்டு வருடமாக அவன் இந்த வழியாகத்தான் போகிறான். ஒரு நாளும் நான் அதைப் பார்த்ததில்லை.